ஐந்து லிட்டர் கேன்

என் ஓரகத்தி ஸ்வர்ணலதாவின் கதையைச் சொல்ல உட்கார்ந்தால், எங்கள் வீட்டை நினைத்துக் குமட்டிக்கொண்டு வருகிறது. அவள் வடமாலபேட்டைப் பெண். இருபத்து மூன்று வயதில் என் கொழுந்தன் சுரேஷ்பாபுவுக்கு வாழ்க்கைப்பட்டு நகரிக்கு வந்தாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நான்கு பவர்லூம் ஓடுகிறது. வந்த மாதமே அறுந்த இழையை முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டப் பழகிவிட்டாள். எந்த வேலையைக் கொடுத்தாலும் சொன்னது சொன்னபடி செய்வாள்.

மூன்றாம் வருடம் அவளுக்கு விரல்கள் வீங்கின. காலையில் ஜாக்கெட் கொக்கியைக்கூடப் போட முடியாது. "எங்கியாவது சுளுக்கினு இருக்கும்" என்று சுரேஷ்பாபு அவளைப் புத்தூருக்கு எலும்புக் கட்டுக் கட்ட அழைத்துப் போனான். எலும்பில் ஒன்றுமில்லை, டாக்டரைப் பாருங்கள் என்று அங்கேயே சொல்லி அனுப்பினார்கள். பார்த்தானா? ஒரு தைலம் வாங்கிக் கொடுத்ததோடு சரி. பிறகு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலும் சிவப்பாகப் படை வந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. "மூஞ்சியப் பாக்க சகிக்கல" என்று என் மாமியார் கன்னியம்மாள் அவள் காதில் விழும்படியே சொன்னாள். கால் வீங்கி, மூத்திரம் நுரைத்துப் போக ஆரம்பித்தபோது நான்தான் திருப்பதிக்கு அழைத்துப் போனேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். முதுகுப் பக்கம் ஊசி செலுத்திக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். லூபஸ் என்றார்கள். கிருமியோடு சண்டை போட வேண்டிய எதிர்ப்பு சக்தி, சொந்த உடம்பையே பகையாக நினைத்து அடிக்கிறதாம். கிட்னியில் ரத்தத்தை வடிகட்டும் இடம் புண்ணாகி, உடம்பில் தங்க வேண்டிய புரதம் மூத்திரத்தில் ஒழுகுகிறதாம். கவனிக்காமல் விட்டால் கிட்னி தழும்பேறிச் சுருங்கும், அப்புறம் டயாலிசிஸ்தான் என்றார் டாக்டரம்மா. ஸ்டீராய்டு எழுதினார். எதிர்ப்பு சக்தியை அடக்க ஒரு மாத்திரை, கூடவே மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை. உப்பைக் குறைக்க வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடும்வரை கர்ப்பம் கூடாது.

ஸ்டீராய்டில் அவள் முகம் பூசணிக்காயாக உப்பியது. ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகச் சொல்லியும் சுரேஷ்பாபு தன் பாயை வாசல் அறைக்குக் கொண்டுபோய்விட்டான். சீ, இவனும் ஒரு புருஷன்!

ஆறு மாதம் கழித்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு முழு நாள் போகும் மூத்திரத்தையெல்லாம் கேனில் பிடித்து வரச் சொன்னார்கள். அதில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும். ஐந்து லிட்டர் கேன். காலையில் முதல் தடவை போவதை விட்டுவிட்டு, மறுநாள் காலைவரை பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டிய நாள் ஆடிக் கிருத்திகையாகப் போய்விட்டது. வீடு கழுவி, காவடியோடு திருத்தணிக்குப் புறப்படும் நாள்.

"கிருத்திகையும் அதுவுமா இந்தக் கருமத்த வூட்ல வெச்சிக்கினு கீறாளே!" என்று மாமியார் காலையிலிருந்தே கத்தினாள். ஸ்வர்ணலதா குளியலறை மூலையில், குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் கேனை வைத்துப் பழைய புடவையால் மூடினாள்.

மத்தியானம் அசதியில் தூங்கிவிட்டாள். நெற்றி நிறைய விபூதியோடு சுரேஷ்பாபு வந்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு கேனைச் சாக்கடையில் கவிழ்த்தான். குழாயைத் திறந்து, முன்பு இருந்த அளவுக்குத் தண்ணீர் பிடித்து வைத்தான். கொடியில் துணி காயப்போட்டபடி நான் எல்லாவற்றையும் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதே என்றுகூட அவன் கேட்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பரிசோதனையில் புரதம் வெகுவாகக் குறைந்திருப்பதாக வந்தது. ஸ்டீராய்டைக் குறைத்தார்கள். சந்தோஷத்தில் ஸ்வர்ணலதா பஸ் ஸ்டாண்டில் மல்லிப்பூ வாங்கி என் தலையில் வைத்துவிட்டாள். நானும் வைத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டே மாதத்தில் கால் மறுபடி வீங்கியது. இந்தத் தடவை சுரேஷ்பாபுவும் எங்களோடு திருப்பதிக்கு வந்தான். கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறும் கிரியேட்டினின், ஒன்றாக இருந்தது இரண்டைத் தாண்டியது. டாக்டரம்மா பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "ஆ ரோஜு மொத்தம் பட்டாவாம்மா?" என்றார். அன்று முழுவதும் பிடித்தாயா என்று கேட்கிறார்.

"ஒரு சொட்டுகூட வுடல மேடம்" என்றாள் ஸ்வர்ணலதா.

அது உண்மையானால் மருந்து கேட்டிருக்கிறது, குறைத்ததால் நோய் திரும்பியிருக்கிறது, பழைய அளவுக்கு ஏற்றிப் பார்க்கலாம் என்றார். பொய்யானால் மருந்து முதலிலிருந்தே கேட்கவில்லை, உடனே வேறு மருந்துக்கு மாற வேண்டும். இதில் தப்பு நடந்தால் மிச்சமிருக்கும் கிட்னியும் போய்விடும் என்றார்.

"கரெக்டா புடிச்சா மேடம், நானே பாத்தேன்" என்றான் சுரேஷ்பாபு. கூசாமல் சொன்னான்.

"பொய் மேடம். கேனக் கொட்டிட்டு தண்ணி புடிச்சி வெச்சதே இவன்தான்" என்றேன்.

டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாதம் ஒரு முறை ஏற்றும் டிரிப்பை எழுதினார். பிற்பாடு பிள்ளை உண்டாவதை அந்த மருந்து பாதிக்கலாமாம். பாதிக்காமலிருக்க ஊசி உண்டு, ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார். கெட்டுப்போன கிட்னி எவ்வளவு தேறும் என்பதற்கும் அதே பதில்தான்.

சுரேஷ்பாபு மருந்துச் சீட்டோடு நழுவிவிட்டான். நாங்கள் இரண்டு பேரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் போன பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அக்கா, அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏங்கா எங்கிட்ட சொல்லல?"

பொய் சொல்ல வரவில்லை. "வூடே நாறுதுன்னு எனக்கும் அருவருப்பா இருந்துதுடி. ஒழிஞ்சா போதும்னு சும்மா இருந்துட்டேன்" என்றேன்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.