ஒரு நாளும் நிற்காத இத்தாலி வண்டி

பெட்ரோல் வாசனை பிடிக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது குமட்டும். பங்கில் வரிசையில் நிற்கும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்வேன். பிறவியில் வந்த பழக்கம் அல்ல. ஓர் இத்தாலி மோட்டார் சைக்கிளை ஏழு வருஷம் கட்டிக்கொண்டு அழுததில் வந்தது.

அப்போது கடலூர் மஞ்சக்குப்பத்தில் வக்கீலாக ஓரளவு காலூன்றியிருந்தேன். புதுச்சேரியில் குடியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரருக்கு வாடகைத் தகராறு ஒன்றை முடித்துக் கொடுத்தேன். அவர் 2005-ல் ஊருக்குத் திரும்பும்போது தன் வண்டியை எனக்கு விற்றார். சிவப்பு வண்டி. முன்னால் குனிந்து படுத்தபடி ஓட்ட வேண்டிய பந்தய ரகம். சாவியைக் கொடுக்கும்போது அந்த மனிதர் சிரித்த சிரிப்புக்கு எனக்கு அன்று அர்த்தம் தெரியவில்லை. பிரிவின் வருத்தத்தை மறைக்கிறார் என்று நினைத்தேன். தலைமுழுகிய நிம்மதி அது என்று முதல் கோடையிலேயே தெரிந்துவிட்டது.

அந்த வண்டியின் சைடு ஸ்டாண்டு தானாக மடங்கிக்கொள்ளும். பாதுகாப்புக்காக இத்தாலிக்காரன் அப்படிச் செய்தானாம். வண்டியைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும், ஸ்டாண்டு சட்டென்று உள்ளே போய்விடும். வண்டி பொத்தென்று விழும். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் ஒரு சீனியர் வக்கீலின் ஸ்கூட்டர்மேல் அது சாய்ந்தபோது, கூடியிருந்த கட்சிக்காரர்கள் எல்லாம் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். கிளட்ச்சைப் பிடித்தால் தகர டப்பாவில் ஆணியைப் போட்டுக் குலுக்கும் சத்தம் வரும். "சார், உள்ள ஏதோ கழண்டு கெடக்குது பாருங்க" என்று தெருவில் போகிறவர்கள் அக்கறையாக நிறுத்திச் சொல்வார்கள். அது கழன்ற சத்தம் இல்லை, வண்டியின் சத்தமே அதுதான் என்று எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? எஞ்சினுக்குள் ஒரு ரப்பர் பெல்ட். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் எஞ்சினே போய்விடும். பெல்ட் இத்தாலியிலிருந்து வர வேண்டும். அது வரும் வரையில் நான் கறுப்பு கோட்டோடு டவுன் பஸ்ஸில் தொங்குவேன்.

வெயில் ஏறினால் கரண்ட் சமாச்சாரம் ஒன்று கருகிப்போகும். கருகுவதற்கு அது தேர்ந்தெடுக்கும் இடமும் எப்போதும் ஒன்றுதான்: சிதம்பரம் போகும் வழியில், கடலூரைத் தாண்டியதும் வரும் ரசாயனத் தொழிற்சாலைகளின் ஓரம். அழுகிய முட்டையும் நெயில் பாலிஷும் கலந்த ஒரு நாற்றத்தில், தொடையில் எஞ்சின் சூடு கொப்புளித்திருக்க, அந்தக் கனத்தைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறேன். வாந்தி எடுத்திருக்கிறேன். அப்போதும் பள்ளிக்கூடப் பையன்கள் சைக்கிளை நிறுத்தி, "அண்ணா, எவ்ளோ ஸ்பீடு போவும்?" என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் மறைக்கவில்லை. என் மச்சானிடம் முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடும் லாட்ஜ் வைத்திருந்தான். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறு வருஷமே சென்னைக்குப் போய் வேறொரு இத்தாலிக் கம்பெனியின் பழைய வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். வெள்ளி நிறம். பார்க்க என் வண்டியைவிட அழகு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"நீங்க வாங்குனது தப்பான கம்பெனி மாமா" என்றான். "இத்தாலிலயே உங்க வண்டிய மதிக்க மாட்டாங்களாம். இது அப்பிடி இல்ல. ஸ்டார்ட்டர தொட்டா போதும்."

அன்றிலிருந்து ஒப்பீடு ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருவான். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, சுற்றிக் கூடுகிறவர்களுக்குச் சொற்பொழிவு. எது சூடாகும், எது எண்ணெய் குடிக்கும், எது நடுவழியில் விடும் என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் என் வண்டியைக் காட்டுவான். தன் வண்டியின் பெட்ரோல் டேங்க்கைத் தட்டி, "இது ஒரு நாளும் நின்னதில்ல" என்று முடிப்பான். என் வண்டியைப் பற்றி அவன் சொன்னது அத்தனையும் உண்மை என்பதால் என்னால் மறுக்க முடியாது.

ஒரு தடவை சிதம்பரம் கோர்ட்டில் வாய்தா. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். புதுச்சத்திரம் டீக்கடை முன்னால் ஒரு குட்டி யானை நின்றது. அந்தச் சின்ன லோடு வண்டியின் முதுகில் தார்ப்பாய் போர்த்திய ஒரு மோட்டார் சைக்கிள். தார்ப்பாய் விலகிய இடத்தில் வெள்ளி நிறம் பளபளத்தது. பக்கத்தில் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். சாயங்காலம் போன் செய்து கேட்டேன்.

"நின்னுடுச்சா மச்சான்?"

"நிக்கல மாமா. சர்வீஸுக்கு அனுப்புனேன். ஓட்டிக்கினு போனா கிலோமீட்டர் ஏறிடும்ல?"

அதற்குப் பிறகு வேறு மூன்று நான்கு பேர் அவன் வண்டியை லோடு வண்டியில் பார்த்ததாகச் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்கிறவன் தன் பெருமைக்காகத்தானே சொல்கிறான், யாருக்கு என்ன நஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

2008-ல், வெயில் தாழ்ந்த மாசியில், இருவரும் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனோம். சேத்தியாத்தோப்பு தாண்டி ஒரு புளியமரத்தடியில் நிறுத்தியபோது பெட்ரோல் நாற்றம் தூக்கியது. என் வண்டிதான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தேன். என்னுடையது இல்லை. அவன் வண்டியின் டேங்க்குக்கு அடியில், பெட்ரோல் குழாய் வந்து சேருகிற பிளாஸ்டிக் மூட்டில் விரிசல். பிளம்பர்கள் தண்ணீர்க் குழாயில் குழைத்து அப்பும் பசையை அதன்மேல் உருண்டையாக அப்பியிருந்தான். பசையின் ஓரத்தில் ஈரம் கசிந்து, சொட்டு திரண்டு, கொதிக்கும் எஞ்சின்மேல் விழுந்தது. விழுந்ததும் ஆவியாகி அந்த நாற்றம்.

"மச்சான், இத உடனே மாத்து. தீப்புடிச்சா நீதான் மேல ஒக்காந்திருப்ப."

"ரெண்டு சொட்டு மாமா. அதான் அடைச்சுட்டேனே."

"அடைக்கலையே, சொட்டுதே."

"ஒங்க வண்டில சொட்டாததா?"

என் வண்டியில் எண்ணெய் சொட்டும், பெட்ரோல் சொட்டாது என்று சொன்னேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டான். திரும்பி வரும்போது அவனை முன்னால் போகவிட்டு வெகுதூரம் பின்னாலேயே ஓட்டி வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடமும் சொன்னேன். அவளும் போனில் தம்பியைக் கண்டித்தாள். மாற்றிவிட்டேன் என்றானாம்.

மறு வருஷம் ஒரு பகலில், நான் கட்சிக்காரர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்தபோது மனைவி போன் செய்தாள். மச்சானின் வண்டி சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் பாலத்துக்குப் போகும் சாலையில் தீப்பிடித்து எரிந்துவிட்டது என்றாள். "அவனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"அவன் ஓட்டலீங்க. வித்துட்டானாம்."

வாங்கியவன் மச்சானின் லாட்ஜிலேயே தங்கிப் படித்த மாணவன். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் கரும்பு போடும் குடும்பம். தினமும் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் அந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறான். அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கி, வாரம்கூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே டேங்க்குக்கு அடியிலிருந்து தீ கிளம்பியிருக்கிறது. சாலையோர வாய்க்காலில் குதித்ததால் உயிர் தப்பியது. வலது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை வெந்துவிட்டது.

சில நாள் கழித்து அந்தப் பையனின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி கசங்கியிருந்தது. ஆஸ்பத்திரி டெட்டால் வாசனை அவர்மேல் அடித்தது. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

"கேஸு கீஸு போட வரலீங்க சார். நீங்களும் இந்த மாரி வண்டி வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. அதான் ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு."

"கேளுங்க."

"வண்டி வித்தவரு சொல்றாரு, எங்கிட்ட ஒரு நாளும் நின்னதில்ல, பையன் கண்ணாபின்னான்னு முறுக்குனதாலதான் எரிஞ்சுடுச்சுன்னு. அது நெசமா சார்? முறுக்குனா எரியுமா?"

என் மனைவி தண்ணீர்ச் சொம்போடு அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். அவள் தம்பியைப் பற்றித்தான் பேச்சு என்று அவளுக்குத் தெரியும். நான் அவளைப் பார்க்காமல் பதில் சொன்னேன்.

"முறுக்குனா எரியாதுங்க. குழாய்ல விரிசல் இருந்துச்சு. போன வருஷமே நான் கண்ணால பாத்தேன். மாத்தச் சொன்னேன். அந்த வண்டி பல தடவ நின்னுருக்குது. உங்க பையன் மேல எந்தத் தப்பும் இல்ல."

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அவனத் திட்டிட்டேன் சார். காலு வெந்து கெடக்குறவன, ஒன் திமிருதான்டா ஒன்ன எரிச்சுதுன்னு ஆஸ்பத்திரியில எல்லாரு முன்னாடியும் திட்டிட்டேன். இல்லப்பா, நான் மெதுவாத்தான் போனேன்னு ஒரு வார்த்த சொன்னான். நான் நம்பல."

தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனார். உடனே பையனிடம் போக வேண்டும் என்றார்.

நஷ்டஈடு கேட்கலாம், நானே வேறு நல்ல வக்கீலிடம் அனுப்புகிறேன் என்று வாசல் வரை போய்ச் சொன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். கடைசிவரை அவர் அந்த வழிக்கு வரவே இல்லை.

இரண்டு நாளில் மச்சான் வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்க யாரு பக்கம் மாமா? வீட்டு ஆளா, இல்ல எவனோ ஒருத்தனோட வக்கீலா?"

"அவரு கேட்டாரு. நான் பாத்தத சொன்னேன்."

"பழைய வண்டின்னு தெரிஞ்சுதான வாங்குனான்? நான் என்னா கட்டிப்போட்டா வித்தேன்? இத்தாலி வண்டின்னா கொஞ்சம் அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். அதான் அதோட கேரக்டர்."

"ஞாயித்துக்கெழமெல்லாம் ஊரக் கூட்டிவச்சு நீ இந்த அப்பிடி இப்பிடியச் சொல்லலையே மச்சான். அந்தப் பசையவாவது பையங்கிட்ட காட்டுனியா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் போன பிறகு என்னிடமும் பேசவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் என்மேல்தான் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் தனியாகச் சிதம்பரம் போய்விட்டு வந்தாள். பையை வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் புள்ளயப் பாத்துட்டு வந்தேன். தம்பி ஒரு தடவகூட போயிப் பாக்கலியாம். லாட்ஜுலருந்து நடந்து போற தூரங்க அது."

எனக்குள் அப்போது வந்த அருவருப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பொய் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும். எரிந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறது, பணம் வருமா என்று மச்சான் அதற்குள் ஏஜென்ட்டிடம் விசாரித்திருந்தான். அதை அவளிடமே சொல்லி, மாமாவைக் கொஞ்சம் கேளேன் என்றும் சொல்லியனுப்பியிருந்தான். அவள் அதைச் சொல்லும்போது சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு கல்யாணம் கருமாதிகளில்தான் அவனைப் பார்ப்போம். ஒரு பந்தியில் எனக்கு நாலு இலை தள்ளி உட்கார்ந்து, ஒரு சொந்தக்காரப் பையனிடம் தன் வெள்ளி வண்டி ஒரு நாளும் நின்றதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். பக்கத்து இலையில் என் மனைவியும் எழுந்துவிட்டாள்.

என் சிவப்பு வண்டியை அந்தத் தீக்குப் பிறகு அநேகமாகத் தொடவில்லை. வீட்டுப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் நின்றது. எரிசாராயம் கலந்து வரும் புது பெட்ரோல் பட்டு பிளாஸ்டிக் டேங்க் உப்பி, கர்ப்பிணி வயிறுபோல் ஆகிவிட்டது. 2011 டிசம்பர் கடைசியில் வந்த புயல் கடலூரையே பிய்த்துப்போட்டது. காலையில் கதவைத் திறந்து பார்த்தால் கொட்டகை இல்லை. முருங்கை மரம் முறிந்து மனைவியின் ஸ்கூட்டியை நசுக்கியிருந்தது. ஐந்து வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிய வண்டி அது. அதற்குப் பக்கத்தில் இத்தாலி வண்டி ஒரு கீறல்கூட இல்லாமல், மழையில் குளித்துப் பளபளவென்று நின்றது. ஊரே கரண்ட் இல்லாமல் தண்ணீருக்கு அலைந்த அந்த நாட்களில் அதன் பளபளப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது.

மறு வருஷம் சென்னையிலிருந்து ஒரு இளைஞன் விசாரித்து வந்தான். சாஃப்ட்வேரில் வேலை, நல்ல பையன். அந்த வண்டியின் ஒவ்வொரு குறையையும் அவனிடம் சொன்னேன். சொட்டுவது, சூடாவது, சாய்வது எல்லாம். தீப்பிடித்த கதையையும் சொன்னேன். அவன் கண் வண்டியைவிட்டு நகரவில்லை. "பரவால்ல சார், நான் பாத்துக்கறேன். இந்தச் சத்தத்துக்காகவே வாங்கலாம் சார்" என்று கைப்பிடியைத் தடவினான். உப்பிய டேங்க்கைக்கூட அழகாக இருக்கிறது என்றான்.

விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் நம்பாமல் வாசலில் வெகுநேரம் நின்றான்.

அந்த வாரமே ஒரு குட்டி யானையை வரவழைத்து, கடலூர் முதுநகரில் பழைய இரும்புக் கடைக்கு வண்டியை ஏற்றிப் போனேன். ஆர்.சி. புத்தகத்தை ரத்துசெய்ய வேண்டிய வேலைகளை முன்பே முடித்திருந்தேன். கடைக்காரர் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்து, "நெசமாத்தான் சொல்றீங்களா சார்? ஓடும்போல இருக்கே" என்றார்.

"ஓடும். அதனாலதான் ஒடைக்கச் சொல்றேன்."

ஒரு தடவை என்னை உற்றுப் பார்த்துவிட்டு ஆட்களுக்குச் சைகை காட்டினார். அலுமினியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், பிளாஸ்டிக் ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டார்கள். வருத்தமாக இருக்கும் என்று பயந்திருந்தேன், ஒன்றும் இல்லை. டேங்க்கைப் பிளந்தபோது கெட்டுப்போன பெட்ரோல் மண்ணில் ஊற்றியது. கைக்குட்டையை மூக்கில் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் ஒரு சோடா வாங்கிவரச் சொன்னார். அதைக் குடித்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன்.