எட்டு மூடை தாங்கும் வண்டியில் செண்பகத்தோப்புக்கு

காலை ஆறரை மணிக்கு ராஜபாளையத்தில் கிளம்பினோம். நானும் என் மனைவி ஜமீலாவும் எங்கள் பழைய ஜீப் பிக்கப்பும். தொண்ணூறுகளின் தொடக்கம், புரட்டாசி முதல் சனிக்கிழமை. மலையின் பாதியை மேகம் மூடியிருந்தது. மீதிப் பாதி, துவைத்துக் காயாத துணி மாதிரி ஈரமாகத் தெரிந்தது.

அந்த வண்டி பதினாறு வருஷம் எங்கள் பேண்டேஜ் துணிக் கட்டுகளைச் சுமந்தது. பிறகு சரக்கையெல்லாம் லாரி சர்வீஸில் போட ஆரம்பித்தோம். வண்டி வாசலில் சும்மா நின்றது. விற்றுவிடச் சொன்னாள் ஜமீலா. எனக்கோ அதில் மலையடிவாரத்து மண் பாதைகளில், ஓடை, கல், மேடு, பள்ளம் எல்லாம் ஏறி இறங்கிச் சும்மா சுற்ற வேண்டும் என்று ஆசை. வயது நாற்பத்தாறு, ஆசை பதினாறு. சண்டை போட்டு, கெஞ்சி, கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்.

"ஒரு நா உங்ககூட வாரேன் மச்சான். போய்ட்டு வந்து சொல்லுதேன், வைக்கணுமா விக்கணுமான்னு. அதுக்குப் பொறவு ஒரு பேச்சுப் பேசக்கூடாது."

ஆகவே இந்தப் பயணத்தில் வண்டியின் தலையெழுத்தே இருந்தது. பரீட்சைக்கு முன்னால் பிள்ளையைத் தயார் செய்கிற தகப்பனைப் போல நான் சேத்தூர் சாலையில் இருக்கிற செல்லையா ஆசாரியிடம் போனேன். லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர். புது ஸ்பிரிங் வாங்க வசதியில்லை. பழைய இரும்புக் கடையில் உடைத்துப் போட்டிருந்த ஒரு வேனின் பட்டைகள் நான்கை நூற்றெண்பது ரூபாய்க்கு எடுத்தோம். கூலி நூற்றிருபது, ரப்பர் புஷ் நாற்பது. ஆக முந்நூற்று நாற்பதில் வேலை முடிந்தது. பக்கத்துக்கு இரண்டு பட்டை கூட்டி, தொய்ந்த பட்டைகளை அடித்து வளைவு கூட்டி, வண்டியை நான்கு விரற்கடை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"எட்டு மூடை பஞ்சு ஏத்துங்க பாய். அசையாது" என்றார் பெருமையாக.

நானும் மடையன் மாதிரி பூரித்துப்போனேன். எங்கள் ஊரில் வண்டி என்றால் பாரம்தான். சும்மா சுற்றுவதற்கு ஒருவன் வண்டி வைத்திருப்பான் என்று ஆசாரி கனவிலும் நினைக்கவில்லை. அதை அவருக்குச் சொல்ல எனக்கும் கூச்சமாக இருந்தது.

ஊர் எல்லை தாண்டி முதல் பள்ளத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. பட்டைகள் மடங்கவே இல்லை. வண்டி எங்களைக் கழுதை மாதிரி எட்டி உதைத்தது. இரண்டு பக்கமும் மாந்தோப்பு, தென்னை, கண்மாய்த் தண்ணீரில் விழுந்து கிடக்கிற மலை எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எதையும் முழுசாகப் பார்க்க முடியவில்லை. கண்ணை நிறுத்தினால்தானே! ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். அதற்குள் தூக்குச்சட்டி கவிழ்ந்து டீ முழுவதும் ஜமீலாவின் சேலையில்.

ஏழு பத்துக்குத் தேரடி அருகே நிறுத்தினேன். அவள் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது வண்டியா மச்சான், ஆட்டுரலா? திருப்புங்க."

"இன்னும் எட்டே கிலோமீட்டர்தான் புள்ள. செண்பகத்தோப்பு ஓடையப் பாத்துட்டுத் திரும்பிருவோம்."

கால் கிலோ பால்கோவா வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அதில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, "இனிப்புக் குடுத்தா தீர்ப்பு மாறாது" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள்.

செண்பகத்தோப்புச் சாலையில் பாதித் தூரம் போனதும் முன்னால் ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பெண்கள்தான் அதிகம்; தலையில் பானை, அரிசிப் பை, விறகுக்கட்டு. காட்டழகர் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போகிறவர்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். நான் ஹாரன் அடித்துக் கடந்துபோகப் பார்த்தேன். ஜமீலா என் கையைத் தட்டிவிட்டாள்.

"நிறுத்துங்க. அம்புட்டுப் பாரத்தத் தூக்கிட்டு எம்புட்டுத் தூரம் நடப்பாக?"

பதினொரு பேர் பின்னால் ஏறினார்கள். அவர்களில் மூத்தவள் சீனியம்மாள், பானையை மடியில் வைத்துக்கொண்டு, "நல்லாருப்பீய தாயி" என்றாள்.

கிளம்பினேன். பள்ளம் ஒன்று வந்தது. பல்லைக் கடித்து உதைக்குக் காத்திருந்தேன். உதை வரவில்லை. வண்டி மெல்ல அமிழ்ந்து, மெல்ல எழுந்து, அடுத்த மேட்டுக்குத் தானாகச் சாய்ந்தது. ஆசாரி எட்டு மூடைக்குக் கட்டிய ஸ்பிரிங்குக்கு அன்றுதான் ஏற்ற ஆள்பாரம் கிடைத்திருக்கிறது!

அதற்குப் பின் வந்த நான்கு கிலோமீட்டர் பயணமா தூக்கமா என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. தார் முடிந்து செம்மண். செம்மண் முடிந்து கூழாங்கல். மரங்களுக்கு ஊடே வெயில் துண்டு துண்டாக எங்கள் மேல் விழுந்து நழுவியது. பின்னால் பெண்கள் கோவிந்தன் பேரைச் சொல்லிப் பாடினார்கள். வண்டி அந்தப் பாட்டுக்கு ஏற்ப ஆடியது. மலை கிட்டே வர வர மேகம் இறங்கி வந்தது, ஈர மண்ணும் பச்சிலையும் மணந்தன. டாஷ்போர்டை இறுகப் பிடித்திருந்த ஜமீலாவின் கை எப்போதோ மடிக்குப் போயிருந்தது. ஓடைத் தண்ணீருக்குள் இறங்கி அக்கரை ஏறினோம். வண்டி தெப்பம் மாதிரி போனது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் என்ன என்று தோன்றியது.

எட்டே முக்காலுக்குப் பாதை முடிந்தது. அங்கிருந்து கோயிலுக்கு நடைதான். அவர்கள் இறங்கிப் போனதும் எனக்கு ஆசை அடங்கவில்லை. வெறும் வண்டியோடு ஓடையில் ஒரு தடவை இறங்கினேன். உச்சந்தலை கூரையில் இடித்தது. கரையில் நின்று ஜமீலா சிரித்த சிரிப்பில் குரங்குகள் ஓடின.

"வெறும் வண்டில நான் ஏற மாட்டேன். அவிய வரட்டும்" என்றாள்.

காத்திருந்தோம். ஐந்து மணி நேரம்! தண்ணீரில் காலை விட்டு, பாறையில் படுத்து, பால்கோவாவைத் தின்று தீர்த்து. தீர்ப்பு என்ன என்று கேட்க எனக்குப் பயம். தண்ணீர்ச் சத்தத்தில் அவள் தூங்கிப்போனாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

இரண்டு மணிக்கு அவர்கள் இறங்கி வந்தார்கள். சீனியம்மாள் ஓர் இலைப் பொட்டலத்தை ஜமீலாவிடம் நீட்டினாள்.

"இது சாமிக்குப் படைக்க முந்தியே உங்களுக்குன்னு எடுத்து வச்சது தாயி. தாராளமாத் திங்கலாம்."

பாதி வழியில் ஏறியவள், அத்தனை அலைச்சலுக்கு நடுவிலும் எங்களை நினைத்து, சாமிக்குப் படைத்ததைத் தின்னாத எங்கள் வழக்கத்தையும் நினைத்துத் தனியாக எடுத்து வைத்திருக்கிறாள். ஜமீலா பொங்கலை அங்கேயே நின்று சாப்பிட்டாள், எனக்கு ஒரு வாய்தான் மிச்சம் வைத்தாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களைச் சுந்தரபாண்டியம் பஸ்ஸுக்கு இறக்கிவிட்டோம். மறுபடி வெறும் வண்டி, மறுபடி உதை. ஜமீலா முனகவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. வீட்டு வாசலில் இஞ்சினை அணைத்தேன்.

"விக்க வேண்டாம் மச்சான்" என்றாள்.

துள்ளிக் குதிக்காத குறை. "திங்கக்கிழமயே ஆசாரிகிட்டப் போறேன். கூட்டுன பட்டையெல்லாம் கழட்டச் சொல்லுதேன். பொறவு நீயும் நானும் மட்டும் போலாம், பஞ்சு மெத்த மாதிரி இருக்கும்" என்றேன்.

இறங்கப் போனவள் நின்று, என்னைப் பார்த்தாள்.

"கழட்டுனா அவியள எதுல ஏத்துவீய? புரட்டாசில இன்னும் மூணு சனிக்கிழம கிடக்கு. வாரோம்னு சீனியம்மாகிட்டச் சொல்லிட்டேன்."