குருவம்மாள் நம்பிப் போட்ட கையெழுத்து

அச்சன்புதூர் குருவம்மாளுக்கு ஓட்டுப் போடும் நாள் என்றால் விசேஷ வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி. இடது கால் சின்ன வயதிலேயே இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போனது. தொடையில் கையை ஊன்றித்தான் நடப்பாள். ஆனாலும் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் விடிந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். சொந்தத்தில் ஒரு நல்லது கெட்டதென்றால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க நாதி கிடையாது. பீடிக்கடையிலும் அப்படித்தான், சுற்றக் கொடுத்த இலையை வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஓட்டுப் போடுகிற அந்த அட்டை மறைப்புக்குப் பின்னால் மட்டும்தான் அவளும் ஓர் ஆள். நாற்பத்தெட்டு வயதுக்குள் ஒரு தேர்தலையும் அவள் விட்டதில்லை.

இந்தத் தடவை, ஒரு சாவடிக்கு இத்தனை பேர்தான் என்று விதியை மாற்றினார்கள். பட்டியலைப் பிரித்ததில் அவள் தெருவுக்கு ஊர்க்கடைசிப் பள்ளிக்கூடம் விழுந்தது. உத்தரவு போட்ட மகராசன்களுக்கென்ன, அவர்களா நடக்கப் போகிறார்கள்?

அந்தச் சமயத்தில் மந்திரமூர்த்தி வந்தார். அடுத்த தெருக் கட்சிக்காரர். அவளுடைய அப்பா செத்த அன்று முதல் ஆளாக வந்து நின்று எல்லாம் பார்த்தவர். கூடப்பிறந்த அண்ணனாகவே அவரை நினைத்திருந்தாள். இத்தனை வருஷமும் அவர் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டாள்.

"இந்தத் தடவையும் நமக்குத்தான, குருவம்மா?"

அவரிடம் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. மூணு வருஷமா தண்ணிக்கு அலையவிட்டாச்சு. இந்தத் தடவை மாத்திப் போடப்போறேன்."

"அது உன் இஷ்டம்ளா" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நாலு நாள் கழித்து ஒரு விண்ணப்பப் பாரத்தோடு வந்தார். "பூத்து தூரமாயிட்டுல்லா? ஆட்டோவுக்கு எழுதிக் கொடுக்கணும். இங்கன ஒரு கையெழுத்துப் போடு." மாற்றுத்திறனாளி அட்டையின் நகலையும் வாங்கிக்கொண்டார். போன் நம்பரை அவரே எழுதிக்கொண்டார். அவள் படித்துப் பார்க்கவில்லை. அண்ணாச்சி நீட்டிய தாளைப் படித்தா பார்ப்பார்கள்? எவ்வளவு பெரிய மனசு என்று நெகிழ்ந்துகூடப் போனாள், பாவி மகள்.

தேர்தலன்று சொன்னபடி ஆட்டோ வந்தது. புதுச்சேலை கட்டிக்கொண்டு போய் இறங்கினாள். உள்ளே அதிகாரி பட்டியலில் அவள் பெயரைத் தேடிப் பிடித்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வீட்லயே ஓட்டுப் போடுறதா எழுதிக் கொடுத்திருக்கீங்கம்மா. இனி இங்க போட முடியாது."

"வீட்டுலயா? யாரும் வரலியே சார்."

ஏஜெண்டுகள் பெஞ்சில் மந்திரமூர்த்தி குனிந்து தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் எதிர்க்கட்சி ஏஜெண்டு வல்லிநாயகம்தான் வாய் திறந்தான். "ஆபீசர்மாரு ரெண்டு நாள் வந்தாவக்கா, காலையில பத்து மணிக்கு. வீடு பூட்டிக் கிடந்துச்சு. பாரத்துல உள்ள நம்பருக்குச் சொல்லிட்டுத்தான் வந்தாவ."

பத்து மணிக்கு அவள் சுற்றிய பீடியை ஒப்படைக்கக் கடைக்குப் போய்விடுவாள். தனியாள் வீடு. இருபது வருஷமாக அதுதான் நடைமுறை, தெருவுக்கே தெரியும். குருவம்மாள் தொடையில் கையை ஊன்றித் திரும்பினாள். பெஞ்சின் முன்னால் போய் நின்றாள்.

"எந்த நம்பர் அண்ணாச்சி எழுதினிய?"

"வேலை நெருக்கடியில சொல்ல மறந்துட்டேன், தங்கச்சி" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"இந்தா நிக்குதாவள்லா, இதுல பாதிப்பேரு ஒங்களுக்குத்தான் போடுதோம்னு ஒங்க மூஞ்சிக்கு நேரா பொய் சொன்னவதான். அவ்வளவு பேருக்கும் ஓட்டு இருக்கு அண்ணாச்சி. ஒங்கள நம்பி உள்ளதச் சொன்னவ நான் ஒருத்திதான்."