ஒரே நாற்காலியோடு ஆறு ஊர்

ஆனி பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்று, தென்காசியிலிருந்து கிழக்கே போகிறவனை முதுகில் கை வைத்துத் தள்ளும். மேற்கே திரும்புகிறவனை நெஞ்சில் கை வைத்து நிறுத்தும். "காலையில தள்ளிவிட்டதுக்குச் சாயங்காலம் கூலி கேக்குது" என்பார் இசக்கி.

அவருடைய சைக்கிள் பழைய ஹெர்குலிஸ். பின்னால் கேரியரில் மடக்கு நாற்காலி ஒன்று கயிற்றால் இறுகக் கட்டியிருக்கும். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே துண்டில் சுற்றிய கண்ணாடி. ஹாண்டில்பாரில் தொங்குகிற தோல்பைக்கு அடைப்பம் என்று பெயர். கத்தி, கத்தரி, முடிவெட்டும் மெஷின், படிகாரம் எல்லாம் அதற்குள். வாரத்துக்கு ஆறு நாள், ஆறு பாதை. திங்கள் இலஞ்சி, செவ்வாய் மேலகரம், புதன் ஆய்க்குடி, வியாழன் செம்பாறைக்குளம் என்று போகும். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுவார். மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் குற்றாலமலை பாதி மேகத்துக்குள் இருக்கும். அப்புறம் இறக்கம். இரண்டு பக்கமும் கார் நெல் நாற்று, நடுவே செம்மண் பாதை, மிதிக்காமலே ஓடுகிற சக்கரம். அந்த இறக்கங்களில் அவர் வாய் தானாகப் பாடும். பாட்டு சகிக்காது. கேட்க ஆள் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறந்தது செம்பாறைக்குளத்தில். அப்பா அந்த ஊர்க் குடிமகன். நாவிதரை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். விடிந்ததும் சட்டையில்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேலத்தெரு வீடுகளின் புறவாசலில் போய் நிற்க வேண்டும். உள்ளேயிருந்து கூப்பிட்டால் சவரம். கூப்பிடாவிட்டால் அடுத்த புறவாசல். அறுவடைக்கு வீட்டுக்கு இத்தனை கட்டு நெல். கீழத்தெருக்காரர் தலையில் மட்டும் கை வைக்கக் கூடாது. வைத்தால் அந்தக் கத்தி மேலத்தெருவுக்கு ஆகாது. கத்திக்குச் சாதி தெரியும் என்று முதலில் சொன்னவன், தன் முகத்தைத் தானே மழித்துக்கொண்டவனாக நிச்சயம் இருந்திருக்க மாட்டான்.

இசக்கிக்குக் கண் திறந்தது குற்றாலத்தில். சீசன் இரண்டு மாதமும் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பாறைமேல் உட்கார்ந்து தொழில் பார்த்தார். மதுரை, கொல்லம், மெட்ராஸ் என்று எங்கிருந்தெல்லாமோ தலைகள் வந்தன. எண்ணெய் வழிகிற தலை எந்தத் தெருத் தலை என்று யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. முன்னால் உட்கார்ந்தவன் யார் என்று பின்னால் வந்தவன் கேட்கவும் இல்லை. யாருக்கும் காய்ச்சல்கூட வரவில்லை. நாலு சீசன் உழைப்பில் சைக்கிள் வாங்கினார். அப்பா இறந்த பிறகு, மனைவி வள்ளித்தாயோடு தென்காசிக்கே குடிவந்துவிட்டார். அந்த ஊர்க் குடிமகன் என்ற பொறுப்பைக் கைவிடாமல், வியாழக்கிழமை தோறும் செம்பாறைக்குளத்துக்கும் போய்வந்தார்.

போய், புறவாசலில் நிற்கவில்லை. குளத்துக்கரைப் புளியமரத்தடியில் நாற்காலியை விரித்தார். முதலில் வந்தவர் முதலில் உட்காரலாம். அவ்வளவுதான் சட்டம்.

தீண்டாமை குற்றம் என்று சர்க்கார் சட்டம் போட்டு அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. சட்டம் தென்காசி வரை வந்துவிட்டது. அங்கிருந்து செம்பாறைக்குளம் எட்டு மைல், பஸ் கிடையாது.

ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, கீழத்தெரு மாசானம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஒரு காதைச் சுற்றி முடித்து மறு காதுக்குப் போயிருந்தது. மேலத்தெரு ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு பண்ணையார் தில்லைநாயகம் வந்து குடையை ஊன்றி நின்றார். மாசானம் எழுந்திருக்கப் பார்த்தார். இசக்கி தோளை அமுக்கினார்.

"ஆடாதீரும் வே, காது போயிரும்."

"ஏலே இசக்கி, இது என்னலே கூத்து?" என்றார் தில்லைநாயகம்.

"முடி வெட்டுதேன், அண்ணாச்சி."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். இசக்கியின் அப்பா இதே மனிதரை எசமான் என்று கூப்பிட்டவர்.

"எவன்லே ஒனக்கு அண்ணாச்சி?"

"மூத்தவரை வேற என்னன்னு கூப்பிட? தம்பின்னா நல்லா இருக்காதே."

மாசானத்துக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தில்லைநாயகம் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் பயப்பட வேண்டிய குணம்.

"இங்க பாரு. காலம் மாறிப்போச்சு, எங்களுக்கும் தெரியும். அவங்களுக்கு வெட்டாதன்னா சொல்லுதோம்? ரெண்டு நாற்காலி வை, ரெண்டு கத்தி வை. எங்களுக்கு நாற்காலி நானே செஞ்சு தாரேன். தேக்குல."

"சைக்கிள்ல ஒண்ணுக்குத்தான் இடம் இருக்கு, அண்ணாச்சி."

"என்னலே, நக்கலா?"

"நக்கல் இல்ல. கத்தியை வென்னில கழுவுதேன். படிகாரம் தேய்க்கேன். படை, சொறி இருந்தா எந்தத் தெரு ஆளா இருந்தாலும் திருப்பி அனுப்புதேன். போன வாரம் ஒங்க தெருவுலயே ஒருத்தரைப் போயிட்டு வாங்கன்னுட்டேன். இதுக்கு மேல சுத்தம் எனக்குத் தெரியாது."

"அப்ப முடிவு?"

"நாற்காலி ஒண்ணுதான்."

பாதி நியாயத்தைத் தேக்கில் செய்து தருகிறேன் என்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்வது எளிதல்ல. மேலத்தெரு நெல்தான் இசக்கி வீட்டில் பாதி வருஷம் உலை ஏற்றியது. ஆனால் இங்கே நாற்காலி இரண்டானால் அடுத்த வாரமே ஆய்க்குடியில் கேட்பார்கள், அதற்கடுத்து இலஞ்சியில். ஆறு ஊரிலும் இரண்டாகிவிடும். அப்புறம் சைக்கிள் எதற்கு? அப்பாவைப் போலப் புறவாசலுக்கே போய்விடலாம்.

மேலத்தெரு கூடித் தீர்மானம் போட்டது. இனி இசக்கியிடம் ஒருவரும் தலை குனியக் கூடாது. பக்கத்து ஊர்க் குடிமகனை வரவழைத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் பெரியவர்கள் தவறிவிட்டார்கள். ஒரு ஊருக்குக் குடிமகன் உயிரோடு இருக்கும்போது, அவன் சம்மதம் இல்லாமல் வெளியூர்க் குடிமகன் அந்த எல்லைக்குள் கத்தி எடுக்கக் கூடாது. நாவிதர்கள் கூலி அதிகம் கேட்டு ஊர் மாறிவிடாதபடி, இவர்களுடைய தாத்தாக்களே கட்டிய வேலி அது. சுரண்டைக் குடிமகனுக்கு ஆள் விட்டார்கள். "இசக்கி ஒரு வார்த்தை சொன்னா வாரேன்" என்றார் அவர். வடகரைக்காரரும் அதையே சொன்னார்.

மேலத்தெருவில் தாடி வளர்ந்தது. வசதியுள்ளவர்கள் வண்டி கட்டிக்கொண்டு தென்காசி சலூனுக்குப் போனார்கள். அங்கே சுழல் நாற்காலியில், தங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் யார் என்று கேட்காமல் உட்கார்ந்து, பவுடர் போட்டுக்கொண்டு திரும்பினார்கள். எட்டு மைலுக்கு அந்தப் பக்கம் ஒட்டாத தீட்டு, இந்தப் பக்கம் மட்டும் ஒட்டுகிற மர்மத்தை எந்த சாஸ்திரியும் இதுவரை விளக்கவில்லை.

இசக்கி வியாழக்கிழமைகளில் போய்க்கொண்டுதான் இருந்தார். கீழத்தெருக்காரர்கள் வந்தார்கள். கொடுக்க அவர்களிடம் அதிகம் இல்லை. வள்ளித்தாய் அரிசிப் பானையைத் தட்டிக் காட்டினாள்.

"கேக்குதா? உள்ள ஒண்ணும் இல்லாட்டி இப்படித்தான் சத்தம் நல்லா வரும்."

"ரெண்டு நாற்காலி போட்டுரட்டுமா?"

"போட்டுட்டு இந்த வீட்டுக்குள்ள வந்து பாருங்க" என்றாள் அவள்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. ஆய்க்குடியில் கோயில் திருவிழாவுக்குத் தொழில் பார்த்துவிட்டு வீடு திரும்பி, இசக்கி அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தார். செம்பாறைக்குளத்திலிருந்து பண்ணை ஆள் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"பெரிய வீட்டுல தில்லைநாயகம் அய்யாவோட அண்ணன் தவறிட்டாக. காலையில இருந்து தூக்காம கெடக்கு. கொள்ளி வைக்கப் போற மகனுக்கு மொட்டை அடிக்க ஆள் இல்ல. நீரு வர வேண்டாமாம். சுரண்டைக்காரர் வரட்டும்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னாக."

ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அந்த ஊருக்கு வேறு குடிமகன் கிடைத்துவிடுவார். புளியமரத்தடி நாற்காலி அன்றோடு முடிந்துவிடும். சொல்லாவிட்டால் ஒரு பிணம் வெயிலில் கிடக்கும். இசக்கி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். சுரண்டைக்காரர் நல்லவர், பிள்ளைகுட்டிக்காரர் என்றுகூட நினைத்துப் பார்த்தார்.

வள்ளித்தாய்தான் பேசினாள். "பொணத்தை வச்சுப் பேரம் பேசாதீங்க. சம்மதமும் குடுக்காதீங்க. நீங்களே போங்க. ஆனா சட்டையைக் கழத்தாதீங்க."

காற்று முதுகைத் தள்ளிய வேகத்தில் அவர் முக்கால் மணி நேரத்தில் ஊர் எல்லையைத் தொட்டார். மேலத்தெரு முனையில் குடிமகன் இறங்கி நடக்க வேண்டும் என்பது வழக்கம். இசக்கியின் கால் ஒரு கணம் பெடலில் தயங்கியது. வயது முப்பத்துநாலு ஆனாலும் அப்பாவின் கால் அது. பிறகு மிதித்தது. வீடுகளைத் தாண்டிச் சைக்கிள் நேரே பந்தலுக்கு முன்னால் போய் நின்றது. ஒப்பாரி வைத்த பெண்கள்கூட ஒரு வரி விட்டுவிட்டார்கள்.

இசக்கி கொதிக்கிற வெந்நீர் கேட்டார். கயிற்றை அவிழ்த்து நாற்காலியை விரித்தார்.

"அது எதுக்கு?" என்றார் தில்லைநாயகம். "தரையில உக்காரட்டும்."

"எனக்கு வேலை இதுலதான், அண்ணாச்சி."

இறந்தவரின் மகன் சங்கரநாராயணன், இருபது வயதுப் பையன், நாற்காலியையே பார்த்தான். "இது மாசானம் உக்காந்த நாற்காலியா?"

"ஆமா தம்பி. காலையில ஆய்க்குடில பத்துப் பேர் உக்காந்தாக. கழுவித் துடைச்சிருக்கு. எல்லாரும் உக்காருத நாற்காலி."

பையன் சித்தப்பா பக்கம் திரும்பினான்.

"அப்பா ஒரு மாசமாப் படுக்கையில கெடந்தாக. தாடி அரிக்குது, அரிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக. வண்டியில ஏத்தித் தென்காசிக்குக் கொண்டுபோக முடியல. இவரை ஒரு நாள் கூப்பிடுவோம்னு நான் கேட்டேன். தீர்மானம், தீர்மானம்னீங்க." அவன் இசக்கியிடம் வந்தான். "மொதல்ல எங்க அப்பாவுக்குப் பண்ணிவிடுங்க, அண்ணாச்சி. அப்புறம் நான் உக்காருதேன்."

இசக்கி பிணத்துக்கு அருகில் மண்டியிட்டு, சோப்பு நுரையை நிறையப் போட்டு, ஒரு மாதத் தாடியை அவசரப்படாமல் எடுத்தார். வெந்நீரில் எல்லாவற்றையும் கழுவினார். வேறு கத்தி எடுத்துத் தீட்டினார். பிறகு பையன் நாற்காலியில் உட்கார்ந்து தலை குனிந்தான். தில்லைநாயகம் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சங்கு ஊதணும், முன்னால நடக்கணும்..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"சவரம் என் தொழில், செஞ்சுட்டேன். மத்த சடங்குக்கு அதை நம்புதவங்களைப் பாருங்க" என்று இசக்கி நாற்காலியை மடக்கினார். திரும்பும்போது காற்று எதிரே நின்றது. எட்டு மைலுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அடுத்த வியாழக்கிழமை புளியமரத்தடியில் கீழத்தெருக்காரர்கள் ஆறு பேர். உச்சிவெயில் வரை மேலத்தெருவிலிருந்து ஒரு தலையும் வரவில்லை. தில்லைநாயகம் அன்றைக்கு மட்டுமல்ல, சாகும்வரை வரவில்லை. வண்டி கட்டிக்கொண்டு தென்காசிக்கே போனார். இசக்கி அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

மத்தியானம் சாய்கிற நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். தலை கரிச்சான் கூடு மாதிரி இருந்தது.

"எத்தனை பேர் இருக்காக?" என்றார் மூத்தவர், யாரையும் பார்க்காமல்.

"மூணு பேர். அப்புறம் நீங்க."

"அதுக்குள்ள மழை வந்துரும் போலிருக்கே, இசக்கி."

"வந்தா எல்லாருந்தான் நனைவோம். அங்கன மாசானம் பக்கத்துல உக்காருங்க."

அவர் நின்று யோசித்தார். மாசானத்தைப் பார்த்தார். பிறகு மரத்து வேரில், மாசானத்துக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் மேற்கே இருட்டிக்கொண்டு சாரல் அடிக்க ஆரம்பித்தது. விளிம்பில் இருந்தவர்கள் நனையாதபடி உள்ளே நகர்ந்தார்கள். அவரும் நகர்ந்தார்.

"எய்யா, கொஞ்சம் தள்ளிக்கிடும்" என்றார் மாசானத்திடம்.

மாசானம் தள்ளி இடம் கொடுத்தார். இசக்கி நாற்காலியைத் தூக்கி மரத்தடிக்கு இன்னும் உள்ளே போட்டு, துண்டை உதறினார்.

"அடுத்தது யாரு? வாங்க."