சுவரைப் பார்த்த யானை

மாமாவின் வானொலிப் பெட்டிமேல் ஒரு மர யானை நின்றிருந்தது. உள்ளங்கையில் அடங்குகிற தேக்கு யானை. பர்மாவில் எங்கள் பேட்டையான லத்தாவில் இருந்த அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் அதன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். வாசலைப் பார்த்திருந்தால் தைரியமாக உட்காரலாம். சுவரைப் பார்த்திருந்தால் அமெரிக்காவில் மாமாவின் கட்சி எதிலோ தோற்றுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அத்தையிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். மூட்டை எடுக்கப் பக்கத்து ஊரான மாவ்பி வரைக்கும் போவார். அதற்கு அப்பால் இருந்த உலகமெல்லாம் அவருக்கு வானொலி வழியாகத்தான் வந்தது. அப்படிப்பட்டவருக்கு அமெரிக்காவில் ஒரு கட்சி எப்படி வாய்த்தது என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஏதோ ஒரு பர்மியப் பத்திரிகையில் கேலிச் சித்திரம் போட்டிருந்தார்களாம். ஒரு கட்சிக்கு யானை, இன்னொன்றுக்குக் கழுதை. பிள்ளையாருக்கு விளக்கேற்றிவிட்டுக் கடை திறக்கிறவர் வேறு எந்தப் பக்கம் போவார்? "பிள்ளையாருக்கு எதிரா என்னய நிக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே சேர்ந்துவிட்டார். கொள்கையெல்லாம் பிறகுதான் தெரிந்துகொண்டார். வரியைக் குறைக்க வேண்டும், வியாபாரத்தில் அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது, அவனவன் பாட்டை அவனவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் மிளகாய் வியாபாரிக்குப் பொருத்தமாகவே இருந்தது.

அத்தை கழுதைக் கட்சி. மாமாவைச் சீண்டுவதற்காகத்தான் சேர்ந்தார் என்று நான் நினைத்ததுண்டு. "கழுதையாவது மூட்ட தூக்குது. ஒங்க யான ஊர்வலம் போறதோட சரி" என்பார். அங்கே எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்த காலத்தில் அந்த வீட்டில் சோறு ஆறிப்போகும் வரை சண்டை நடக்கும். எவனோ நோயாளிக்கு நான் ஏன் காசு கட்ட வேண்டும் என்று மாமா கத்துவார். நாளைக்கு அந்த எவனோ நீங்களாக இருந்தால் என்று அத்தை கேட்பார். இந்த ஊரில் நடப்பதைப் பற்றி அப்படிக் குரல் உயர்த்திப் பேச முடியாது. ஜன்னல் தெருவைப் பார்த்திருந்தது. அமெரிக்காவைப் பற்றி எவ்வளவு சத்தமாகவும் பேசலாம். பேசினார்கள். எனக்கு எரிச்சலாக வரும். இருக்கிற பாடு போதாதென்று கடல் கடந்து போய் ஒரு சண்டையா என்று முணுமுணுத்துக்கொண்டே ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாமா தன் கட்சியோடு ஒட்டவில்லை. கறுப்பினத்தவரை ஓட்டுப்போட விடாமல் விரட்டிய கதைகளை வானொலி சொல்லும்போது எழுந்து நின்றுவிடுவார். பஸ்ஸில் "கலா" என்று இந்தியரை ஏசும் ஒரு வசைச் சொல்லால் வாழ்நாள் முழுவதும் ஒதுக்கப்பட்டவர் அவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் அடையாள அட்டைக்காக அலுவலகம் அலுவலகமாக நின்றவர். முதன்முதலாக ஒரு கறுப்பின மனிதர் அங்கே ஜனாதிபதியானபோது அத்தை பாயசம் வைத்தார். மாமா இரண்டு தடவை வாங்கிக் குடித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு எழுந்து போய் யானையைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். "ஜெயிச்சது நம்ம ஆளு, தோத்தது நம்ம கட்சி" என்றார். இப்போதும் அதை நினைத்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வருகிறது.

அத்தையின் இருதயத்தில் வால்வு பழுது என்று தெரிந்தது அதற்குப் பல வருஷங்களுக்குப் பிறகு, வியாபாரம் படுத்துவிட்ட சமயத்தில். அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமா கடையை விற்கக் கிளம்பினார். வந்தவர்களெல்லாம் அடிமாட்டு விலை கேட்டார்கள். அத்தைக்குக் கால் வீங்கிக்கொண்டே வந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்று நாற்காலியிலேயே தூங்கினார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் வேலை முடிந்ததும் ஓடிப்போய் அவர் கணுக்காலை அமுக்கிப் பார்ப்பேன்.

எங்கள் தெருவில் ஒரு பரஹிதச் சங்கம் இருந்தது. பர்மியர், தமிழர், சீனர் என்று எல்லா வீடுகளும் மாதாமாதம் ஏதோ போட்டுவைக்கும். யாருக்காவது ஆஸ்பத்திரி, சாவு என்றால் அதிலிருந்து எடுப்பார்கள். அதற்கு முதல் ஆளாகக் கொடுக்கிறவர் மாமாதான். அத்தை பலமுறை கேட்டிருக்கிறார், இதைத்தானே அந்தக் கழுதைக் கட்சியும் சொல்கிறது என்று. "இது தானம், அது சட்டம்" என்பார் மாமா. கொடுத்துப் பழகிய கை அது, வாங்கிப் பழக்கமில்லை.

சங்கத்துக்காரர்கள் தாங்களாகவே பணத்தோடு வந்தார்கள். செயலாளர் பர்மியர், மாமாவை "ஊலே" என்று மரியாதையாக அழைப்பவர். மாமா அவர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார். நன்றாகச் சிரித்துப் பேசினார். பிறகு, தன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள், கடை விலைபோய்விடும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்கள் எழுந்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

அத்தை நாற்காலியிலிருந்து எழுந்து, மூச்சு வாங்க, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் செயலாளரிடம் பர்மியத்தில், போகாதீர்கள், நோயாளி நான்தான், என்னைக் கேளுங்கள் என்றார். பிறகு மாமாவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "நீங்க ஒங்க கட்சிப்படி வேணாங்குறீங்க. நா எங் கட்சிப்படி வாங்கிக்கிறேன். ஒரு வீட்டுல ரெண்டு ஓட்டு இருக்குங்க."

பணத்தை அத்தையே வாங்கினார். அவர்கள் போன பிறகு மாமா வானொலிப் பக்கம் நடந்துபோய் யானையைச் சுவரைப் பார்க்கத் திருப்பிவைத்தார். அறுவை சிகிச்சை முடிந்து அத்தை பிழைத்து எழுந்தார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் மாமாவின் கட்சி ஜெயித்த தேர்தலும் வந்தது. அப்போதும் அவர் யானையைத் திருப்பவில்லை. போன வருஷம் அவர் காலமாகும் வரை அது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது எனக்கும் அமெரிக்காவை விட்டால் கதியில்லை. நான் வேலை செய்யும் தையல் தொழிற்சாலை அவர்களுக்குத்தான் சட்டை தைத்து அனுப்புகிறது; அங்கே இறக்குமதி வரியை ஏற்றினார்கள் என்றால் இங்கே மிஷின்கள் நிற்கின்றன. அவர்கள் உதவிப் பணத்தை நிறுத்தினார்கள் என்றால் எங்கோ ஒரு இலவச மருந்தகத்தின் கதவு சாத்தப்படுகிறது. எது எப்போது வரும் என்று கைபேசியைத் திறந்து திறந்து மூடுகிறேன். தூக்கமே கெட்டுவிட்டது.

போன வாரம் அந்தக் கோபத்தோடுதான் அத்தை வீட்டுக்குப் போனேன். மின்சாரம் இல்லை. ஜன்னலோரம் நின்றுகொண்டு யானைக் கட்சியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அத்தை தலையாட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ வரி போட்டால்தானே அவர்கள் ஊர்த் தொழில் பிழைக்கும், அவனவன் பாட்டை அவனவன் பார்க்க வேண்டாமா என்று எதிர்வாதம் பேசினார். அப்படியே மாமாவின் குரல். "என்ன அத்த, கட்சி மாறிட்டீங்களா?" என்றேன்.

"நா ஏன் மாறுறேன்? நா கழுததான்" என்றார். "ஆனா இந்த வீட்டுல ரெண்டு ஓட்டுல்ல? அவருதையும் நாந்தானே பாக்கணும்."

அப்போதுதான் வானொலியைப் பார்த்தேன். யானை வாசலைப் பார்த்து நின்றிருந்தது.