வேர்வை படாத படகுகள்

நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் நான் வேலை பார்க்கும் கார்கானாவில், அந்தச் சின்னப் பட்டறையில், நான் மட்டும்தான் இருந்தேன்... அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதும் நானும் இசக்கிசெல்வியும் ஒன்றாக அங்கே சேர்ந்தோம். அணுக்களை எடைபோடும் மிஷினுக்கு இழை செய்யும் வேலை. இரண்டு கம்பிகளுக்கு நடுவே, முடியைவிட மெல்லிய, ரீனியம் என்ற உலோகத் தகடு. அதில் ஒரு சொட்டு திரவத்தை வைத்து, காயவிட்டுச் சூடாக்கினால் அணுக்கள் மின்னேற்றத்தோடு கிளம்பும். தட்டையான தகட்டில் சொட்டு பரவிப் பாதி வீணாகும். செல்வி அதைப் படகுபோல மடித்துப் பார்த்தாள். சொட்டு நடுவிலேயே நின்றது!

கையுறை போட்டால் அவளுக்கு அந்த மடிப்பு வராது. வெறும் விரல் பட்டால் வேர்வையின் உப்பு ஒட்டிக்கொள்ளும்; மிஷின் முதலில் அதைத்தான் காட்டும். அதனால் மடித்த இழைகளைக் கண்ணாடிக் கூண்டில் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, செக்கச்செவேலென்று சுட்டு எடுப்போம்.

“ஏளா, ஒன் வேர்வையல்லா மிஷின் எடை போடுது!” என்பார் முதலாளி காசிராஜன் அண்ணாச்சி.

“அப்பம் நான் எத்தன கிலோன்னு கேட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

அந்த மிஷினை வைத்திருக்கும் ஆய்வகம் சோதனைக்குப் பத்துப் படகுகள் கேட்டிருந்தது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். தேறினால், இனி எல்லா இழையும் செல்வியின் மடிப்புதான். அவளோ வெள்ளிக்கிழமையிலிருந்து காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். “எனக்காவ நீ மடிச்சுக் குடுத்துருளா” என்று போனில் கெஞ்சினாள்.

ஞாயிறு மதியம். கொட்டும் மழை. தகடுகள் ஒவ்வொன்றாக என் கையில் முறிந்தன. கரண்ட்டும் போனது. மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

டிக்.

இடுக்கியைக் கீழே வைக்கும் சத்தம்.

செல்வி அவள் இடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“எப்பம்ளா வந்த? ஆஸ்பத்திரில விட்டுட்டாவளா?”

“ம்.”

வெளியே அப்படி மழை. அவள் துணி நனையவில்லை. மழைநாளில், குனிந்து மடிக்கும் அவள் மூச்சு பட்டு மேசை லென்ஸ் மங்கும், திட்டிக்கொண்டே துடைப்பாள். அன்று... மங்கவேயில்லை.

“கையுறையப் போடுளா. கரண்ட் இல்ல, சுட முடியாது.”

“இனி வேண்டாம்ளா.”

டிக்.

டிக்...

என் போன் அடித்தது. செல்வியின் அம்மா. அழுகைதான் கேட்டது. காலை பதினொன்றுக்கே உயிர் போயிருந்தது.

நிமிர்ந்தேன்.

நாற்காலி காலி.

பெட்டியில் பத்துப் படகுகள்.

பெட்டியை மூடிவிட்டு சீத்தா கேம்ப்பில் இருக்கும் செல்வி வீட்டுக்கு ஓடினேன். இழைகளைச் சுடவில்லை என்று யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் நாங்கள் செல்வியைத் தூக்கிச் சென்ற நேரத்தில், எதுவும் தெரியாமல் அண்ணாச்சி பெட்டியைக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. படகுகள் தேறிவிட்டனவாம். அதே சொட்டிலிருந்து இரண்டு மடங்கு அணுக்களாம். ஆனால் அவர்களுக்கு ஆச்சரியம் வேறு. இவ்வளவு சுத்தமான இழையை அவர்கள் பார்த்ததே இல்லையாம். உப்பே இல்லை. மனிதக் கை பட்ட தடமே இல்லை. எவ்வளவு நேரம் சுட்டீர்கள் என்று கேட்டார்கள்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

அன்று செல்வியின் விரல்களை நான் பார்த்தேன். வெறும் விரல்கள்.

அதே கை மடித்தது இன்னும் நூறு வேண்டுமாம்.