பன்னிரண்டு அடியும் மூன்று வெட்டும்

அவனியாபுரத்தில் இரும்பு கேட் செய்கிற முத்துக்கருப்பனுக்கு நாற்பத்து நான்கு வயது. பத்தாம் வகுப்பைப் போன வருடம் தனித்தேர்வராக எழுதினார். நான்கு பாடங்களில் தேறிவிட்டார், கணக்கு மட்டும் நின்றுவிட்டது. முப்பத்தைந்து வேண்டிய இடத்தில் பதினொன்று வந்திருந்தது. அந்தப் பதினொன்றிலும் பெரும்பகுதி வடிவியல் படத்துக்குக் கிடைத்தது என்பது அவர் மனைவி பாண்டீஸ்வரியின் கருத்து. "கோடு மட்டும் நல்லாப் போடுவாரு. கோட்டுக்குப் பக்கத்துல என்ன எழுதணும்னுதான் தெரியாது."

அந்த மதிப்பெண் பட்டியல் அவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. இருபது வருடம் வெல்டிங் வெளிச்சத்தைப் பார்த்த கண்கள், சாயங்காலமானால் மணல் விழுந்ததுபோல் உறுத்தின. இனிமேல் வெல்டிங்கை முடிந்தவரை குறைத்துக்கொள்ளும்படி கண் டாக்டர் சொல்லிவிட்டார். முன்பு அவரிடம் தொழில் பழகிய செல்வக்குமார் இப்போது ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் மேலாளர். அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

"பத்தாவது பாஸுன்னு ஒரு தாளை மட்டும் காட்டுங்கண்ணே. அடுத்த பரீட்சை முடிவு வர்ற வரைக்கும் அந்த இடத்தை நான் பிடிச்சு வைக்கிறேன்" என்றார் செல்வக்குமார்.

தனித்தேர்வர்களுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவர் பாகீரதி டீச்சர். சிம்மக்கல்லில் ஒரு மொத்த விலைக் கடையின் மாடியில் வகுப்பு. ஜூன் மாதம் இயற்கணிதத்தில் ஆரம்பிப்பார். ஆனால் அதற்கு முன்னால், மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை உண்டு. கூட்டல், கழித்தல், பின்னம், சதவீதம், குறை எண்கள் என்று இருபத்தைந்து கேள்விகள். நூற்றுக்கு எண்பது எடுத்தவர்களுக்குத்தான் வகுப்பில் இடம். இந்த விதியை அவர் யாருக்காகவும் தளர்த்தியதில்லை. தன் தம்பி மகனையே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

நான் டீச்சருக்கு விடைத்தாள் திருத்திக் கொடுப்பவள். முத்துக்கருப்பன் பட்டறைக்கு அடுத்த தெருவில்தான் என் வீடு. அதனால் அவருக்கு அடிப்படைக் கணக்கை நினைவுபடுத்தும் வேலை என்னிடம் வந்தது. ஐந்து வார காலம், தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம்.

முதல் நாள் பின்னத்தில் ஆரம்பித்தேன். முக்காலிலிருந்து அரைக்காலைக் கழித்தால் எவ்வளவு என்று கேட்டேன். நான் வாயை மூடுவதற்குள் பதில் வந்தது.

"அஞ்சு நூல்."

கேட் வேலையில் ஒரு அங்குலத்துக்கு எட்டு நூல். அப்படியானால் அஞ்சு நூல் என்பது எட்டில் ஐந்து. சரியான விடைதான். எனக்கு உற்சாகமாகிவிட்டது. அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று அடுத்துக் கேட்டேன்.

அவர் இடுப்பிலிருந்து டேப்பை உருவி, ஒரு அங்குலத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"மூணுல ஒண்ணு இதுல இல்லையே பாப்பா."

"டேப்பில் இல்லை. ஆனால் கணக்கில் இருக்கு."

"டேப்புல இல்லாததை எவன் வெட்டுவான்?"

இரண்டு நாட்கள் இதிலேயே போயின. பகுதி, தொகுதி, பொது மடங்கு என்று நான் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, "ஆறரை நூலுக்கு மேல, ஏழு நூலுக்குக் கீழ" என்று அதே விடைக்குத் திரும்பினார். மூன்றாம் நாள் நான் உள்ளே நுழைந்ததும் டேப்பை ஒரு அடிக்கு இழுத்துப் பிடித்தார்.

"அங்குலத்துல பார்த்தாத்தானே இல்ல? அடியில பார்ப்போம். அடிக்குப் பன்னெண்டு அங்குலம். பாதி ஆறு, மூணுல ஒண்ணு நாலு. சேர்ந்தாப் பத்து. பன்னெண்டுல பத்து. இதை மொத நாளே சொல்லியிருக்கலாம்ல?"

முதல் நாளிலிருந்து நான் சொன்னது அதுதான். ஆனால் அதை டேப்பில் காட்ட எனக்குத் தோன்றவில்லை. நோட்டில் ஒரு சரி போட்டேன்.

ஏழில் ஒன்று வந்தபோது மறுபடி சிக்கல். அடியிலும் ஏழு இல்லை, அங்குலத்திலும் இல்லை. கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். ஏழில் இரண்டும் ஏழில் மூன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்ற கேள்விக்கு நோட்டில் "வெள்ளிக்கிழமை" என்று எழுதினார். திங்கட்கிழமையிலிருந்து எண்ணினாராம். ஏழில் ஐந்து என்றுதான் எழுத வேண்டும், கிழமையை எழுதக்கூடாது என்று பலமுறை சொன்னேன்.

குறை எண்களுக்கு நான் பயந்தபடியே இருந்தேன். குறையைக் குறையால் பெருக்கினால் மிகை ஏன் வருகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் சரியாகச் சொன்னதில்லை. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் என்றேன்.

"அதென்ன, ஒரு ஆளு ரெண்டு தடவை திட்டுனா அது பாராட்டாகிருமா?" என்றார். பக்கத்து விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்ந்து போனது. சத்தம் அடங்கியபோது அவர் வெல்டிங் மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹோல்டர் ஒயரையும் எர்த் ஒயரையும் மாத்திச் சொருகுனா கரண்டு தலைகீழா ஓடும். மறுபடி மாத்துனா?"

"பழையபடி ஓடும்."

"அம்புட்டுத்தான். மைனஸுன்னா ஒயரை மாத்துறது. இதுக்கு எதுக்கு மனப்பாடம்?"

வாய்ப்பாடுதான் அவரை ஆட்டிவைத்தது. அதற்கு டேப்பும் உதவவில்லை, மிஷினும் உதவவில்லை. நாள் முழுக்கக் கண்ணில் படட்டும் என்று, வேலை செய்கிற கேட்டிலேயே சாக்பீஸால் எழுதிவைத்துக்கொண்டார். வில்லாபுரத்துக்குப் போகவேண்டிய ஒரு கேட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதி, அதைத் துடைக்க மறந்து, மேலேயே முதல் பூச்சான பிரைமரும் அடித்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மாட்டிவிட்டும் வந்துவிட்டார். மறுநாள் அந்த வீட்டு மைத்ரேயி போன் செய்தார். வங்கியில் வேலை பார்ப்பவர்.

"கேட் ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா உத்துப் பார்த்தா ஏழாம் வாய்ப்பாடு தெரியுது."

"ஐயையோ, மன்னிச்சுக்கங்கம்மா. இன்னிக்கே வாரேன், தேய்ச்சு விட்டுர்றேன்."

"தேய்க்கிறது இருக்கட்டும். ஏழெட்டு அம்பத்தாறு. நீங்க அம்பத்தினாலுன்னு போட்டிருக்கீங்க."

அவர் அன்றே உப்புத்தாளோடு போனார். திரும்பி வந்ததும் பாண்டீஸ்வரி கேட்டார்: "அழிச்சிட்டீங்களா?"

"மொதல்ல திருத்தினேன். அப்புறம் அழிச்சேன்."

"அழிக்கப் போறதை எதுக்குத் திருத்துறீக?"

"தப்போட அழிச்சா தப்பாவேதான மனசுல நிக்கும்?"

பாண்டீஸ்வரி என்னைப் பார்த்து, "பாப்பா, இவரு பாஸாகலைன்னாலும் பரவாயில்லை, பழைய ஆளாத் திருப்பிக் கொடுத்துரு" என்றார்.

சோதனை நாள் வந்தது. ஆறு பேர் எழுதினார்கள். பாண்டீஸ்வரியும் வந்து மாடிப்படியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்துகொண்டார். முத்துக்கருப்பன் குளித்து, சட்டையை உள்ளே விட்டு, பாக்கெட்டில் டேப்போடு வந்திருந்தார். டேப்பை வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் டீச்சர். அது இல்லாமல் கை ஆடுகிறது என்றார். பிடித்துக்கொள்ளலாம், இழுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது.

ஒரு மணி நேரத்தில் எழுதி முடித்தார்கள். அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். முத்துக்கருப்பனின் தாளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். இருபத்தைந்துக்குப் பத்தொன்பது. ஒன்று குறைந்தது.

தப்பான ஆறில் ஒன்று வெள்ளிக்கிழமை. அதற்காக நானே வாதாட மாட்டேன். ஆனால் இருபத்திரண்டாம் கேள்வி என்னை நிறுத்தியது. "பன்னிரண்டு அடி நீளமுள்ள இரும்புக் கம்பியை நான்கு சம துண்டுகளாக வெட்டினால், ஒரு துண்டின் நீளம் என்ன?" மூன்று அடி என்று எழுதினால் போதும். அவர் பக்கத்தின் அடிவரை எழுதியிருந்தார்.

"மூணு அடி வராது. நாலு துண்டுக்கு மூணு வெட்டு. வெட்டுக்கு ஒரு நூல் பிளேடு தின்னும். மூணு நூல் போக மீதியைத்தான் நாலாக்கணும். ஒரு துண்டு மூணு அடிக்கு முக்கால் நூல் கம்மி."

தாளை டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை இறக்கிப் படித்துவிட்டு முத்துக்கருப்பனைக் கூப்பிட்டார்.

"மூணு அடின்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் டீச்சர். ஆனா அப்படி வெட்டிக் கொடுத்தா, கடைசித் துண்டு மூணு நூல் கம்மியா வந்து கேட்டு கோணிக்கும்."

"இது கேட் இல்ல. கணக்கு."

"இரும்புக் கம்பின்னு நீங்கதானே போட்டிருக்கீக?"

டீச்சர் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தார். இரும்புக் கம்பி என்றுதான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அதே கேள்வி, அதே கம்பி. ஒருவரும் கேட்டதில்லை.

"சரி" என்றார் கடைசியில். "கேள்வியில பிழை. எல்லார் தாள்லயும் அதை நீக்கிடறேன். இருபத்துநாலுக்குப் பத்தொன்பது. போங்க, ஜூன்ல வாங்க."

எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படியில் பாண்டீஸ்வரி எழுந்து நின்றுவிட்டார். முத்துக்கருப்பன் மட்டும் நகரவில்லை. உதடு எதையோ முணுமுணுத்தது. டேப்பை இழுத்தார்.

"டீச்சர், எண்பது சதவீதம்னா அஞ்சுல நாலு. மார்க்குக்கு ஒரு சென்டின்னு வச்சா, இருபத்துநாலு சென்டியை அஞ்சாக்குனா நாலு சென்டி எட்டு மில்லி." விரலை டேப்பில் நகர்த்தினார். "நாலு தடவை வச்சா பத்தொம்போது சென்டி ரெண்டு மில்லி. எனக்குப் பத்தொம்போதுதான் இருக்கு. ரெண்டு மில்லி பத்தலையே."



"ஏங்க!" என்று படியிலிருந்து குரல் வந்தது. "அந்த டேப்பைச் சுருட்டி வச்சுட்டு வாயை மூடுங்க!"

"இல்ல பாண்டீஸ்வரி, கணக்குன்னா கணக்கு."

"அந்தம்மாதான் போகச் சொல்லிட்டாகள்ல? உங்களை யாரு அளக்கச் சொன்னது?"

டீச்சர் தானும் ஒரு தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தார். பத்தொன்பது புள்ளி இரண்டு. தன் தம்பி மகனைத் திருப்பி அனுப்பியவர் அவர். செல்வக்குமார் பிடித்து வைத்திருந்த இடம் அந்த இரண்டு மில்லி இடைவெளியில் நழுவிப் போய்க்கொண்டிருப்பது கண்ணில் தெரிந்தது. அது முத்துக்கருப்பனுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவர் டேப்பைச் சுருட்டவில்லை.

"முத்துக்கருப்பன்" என்றார் டீச்சர். "ஒரு கேள்வியை எடுத்தா அந்த இடத்துல இன்னொரு கேள்வி வைக்கணும். அதுதானே முறை?"

"ஆமா டீச்சர்."

"இருபத்துநாலுல எண்பது சதவீதம் எவ்வளவு? இதுதான் நான் வைக்கற கேள்வி."

அவர் மறுபடி டேப்பைப் பார்த்தார். "பத்தொம்போது சென்டி... பத்தொம்போது புள்ளி ரெண்டு."

"ஒரு மார்க். இருபத்தஞ்சுக்கு இருபது." சிவப்புப் பேனாவால் தாளில் போட்டுக் கையெழுத்தும் இட்டார். மற்ற ஐந்து பேரிடமும் அதே மாதிரி ஒரு சதவீதக் கேள்வி கேட்கப்பட்டது. இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள்.

முத்துக்கருப்பன் தாளை வாங்கி, இருபதை இருபத்தைந்தால் வகுத்து, சரியாக எண்பது வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார். அதற்குள் பாண்டீஸ்வரி உள்ளே வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"வாங்க. வீட்டுல போய் வகுத்துக்கலாம்."

டீச்சர் அடுத்த வருடத்துக்கான கேள்வித்தாளை அப்போதே திருத்திக்கொண்டிருந்தார். இருபத்திரண்டாம் கேள்வியின் கீழே ஒரு வரி சேர்த்து, முத்துக்கருப்பனிடம் நீட்டினார். "இப்போ சரியா இருக்கா பாருங்க."

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "வெட்டும்போது சேதாரம் ஏதும் இல்லை எனக் கொள்க."

"சரிதானே?"

"கணக்கு சரி டீச்சர்" என்றார் முத்துக்கருப்பன். "அந்த பிளேடு எந்தக் கடையில கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க."